நாற்காலிக்கு அடியில் இருந்த பூ

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் டாக்டர். ஊசி போடும் டாக்டர் இல்லை. செடி கொடி படித்து வாங்கிய பட்டம். ஹூஸ்டன் பக்கத்துப் பேர்லேண்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் மகள் வயது. என் முதலாளி.

எங்கள் கூட்டத்துச் செயலாளர் அந்தோணி. தூத்துக்குடிக்காரர். எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர்.

அவர் மனைவி ஜெசிந்தா.

பாஸ்கல் சார். நாகர்கோவில் பக்கம் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, டெக்சஸில் கேட்டி என்ற இந்த ஊருக்கு மகன் வீட்டோடு வந்தவர். வாய் சும்மா இருக்காது.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கூட்டத்துக் குடும்பங்கள். போட்டிருந்த நாற்காலி அத்தனையும் நிறைந்திருந்தது.

நான். புல்வெளிக் காப்பகத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன்.

பூவும் இருந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் உங்கள் நாலு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி டாக்டர் கேட்டார். நான் எட்டாவது வரை படித்தவன். அக்கா நர்ஸ், அவள் ஸ்பான்சர் பண்ணித்தான் இந்த ஊருக்கு வந்தேன். கேஸ் ஸ்டேஷன் என்கிற பெட்ரோல் பங்கில் நின்றேன், பிறகு காப்பகத்தில் புல் வெட்டப் போனேன், அங்கேயே தங்கிவிட்டேன். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும்தான். படிக்கத் தெரியாதவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய புல்லுக்கு நெருப்பு வைப்பது, விதை தூவுவது, பாம்புக்குப் பயந்து பூட்ஸ் போடுவது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரு சனிக்கிழமையைப் பற்றி.

கேட்டிக்கு மேற்கே, ஃப்ரீவே தாண்டி, எங்கள் கூட்டம் கொஞ்சம் நிலம் வாங்கி ஒரு ஹால் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் காட்டுப் புல்வெளி. அப்புறம் நெல் போட்டார்கள். அப்புறம் வீடு போட்டார்கள். நெல்லுக்கும் வீட்டுக்கும் தப்பிய துண்டு நிலங்கள் அங்கங்கே உண்டு. ஹாலின் பின்பக்கம் அப்படி ஒரு துண்டு. உழாத மண்.

ஹாலுக்குப் பெரிய குறை பார்க்கிங். இந்த ஊரில் கார் இல்லாமல் யார் பூசைக்கு வருவது? ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரம் வரிசையாக நிறுத்துவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஷெரிஃபுக்குப் போன் பண்ணுவார். பூசை முடிந்து வந்தால் கண்ணாடியில் அபராத டிக்கெட் இருக்கும். அதனால் பின்பக்கம் முழுவதையும் கான்கிரீட் போடுவது என்று முடிவாகி, கான்ட்ராக்டரும் நாள் குறித்துவிட்டான்.

அதற்கு முன் புல்லை வெட்டித் தரச் சொல்லி அந்தோணி என்னைக் கேட்டார். மார்ச் மாதம். லீவு நாளில் டிராக்டரைக் கொண்டுபோனேன். முன்பக்கம் முடித்துப் பின்பக்கம் திரும்பும்போது, புல்லுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டை நிலம். உப்பு மண். அங்கே புல் வராது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. எஞ்சினை நிறுத்தினேன்.

பிரெய்ரி டான் என்று அதற்குப் பெயர். பெயரைத் தமிழில் சொன்னால் புல்வெளி விடியல். பெயர்தான் பெரிது. செடி கட்டைவிரல் உயரம். பூ, சட்டைப் பொத்தானில் பாதி. ஹூஸ்டனைச் சுற்றி உள்ள கொஞ்சம் இடத்தை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடைப்பது அரிது. ஒரு வருடத்துச் செடி. மார்ச்சில் பூத்து, விதை விட்டு, வெயில் ஏறினால் செத்துப்போகும். அந்த வருட விதை விழாவிட்டால் அடுத்த வருடத்துக்கு மண்ணில் பழைய விதை ஏதாவது கிடந்தால்தான் உண்டு.

டாக்டருக்குப் போட்டோ அனுப்பினேன். அன்று மாலையே வந்தார். வயிறு தரையில் பட ஓரமாகப் படுத்து, வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது மூக்கில் மண்.

"அங்கிள், மீதியை வெட்டாதீங்க. அண்ட் ப்ளீஸ், டோன்ட் டெல் எனிஒன் வேர்."

இது நம் தொழிலில் வழக்கம். அரிய செடி இருக்கும் இடத்தை வெளியில் சொல்வதில்லை. சொன்னால் சிலர் தோண்டிக்கொண்டு போவார்கள். சில நிலக்காரர்கள், கவர்மென்ட் வந்து நிலத்தைப் பிடுங்கிவிடும் என்று பயந்து, நாம் போவதற்குள் உழுதுபோடுவார்கள். டாக்டருக்கு அப்படி ஓர் இடம் போயிருந்தது. போய் இறங்கியபோது டிராக்டர் தடம் மட்டும் ஈரமாக இருந்ததாம்.

ஆகவே நான் அந்தோணியிடம் இவ்வளவுதான் சொன்னேன்: நம் நிலத்தில் ஓர் அரிய செடி இருக்கிறது, எங்கள் டாக்டர் சனிக்கிழமை வந்து எல்லாரிடமும் பேசுவார், அதுவரை கான்ட்ராக்டரை விட வேண்டாம்.

"எந்த இடத்துல அண்ணாச்சி?"

"அவங்க வந்து சொல்லுவாங்க."

"நெலம் நம்மது. எங்கிட்டயே ரகசியமா?"

"ரூல் அப்படி."

"சரி. பெரிய ஆளா?"

"பெரிய ஆள்தான்."

அதை மட்டும் அவர் நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை டாக்டரும் நானும் காப்பகத்து பிக்கப்பில் போனோம். வழியெல்லாம் அவர் பேச வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த ஃப்ரீவேக்கு மேற்கே அவர் கண்டுபிடித்த மூன்று இடத்தில் இரண்டு குடோனாகிவிட்டன, ஒன்று கார் கழுவும் இடமாகிவிட்டது. மிச்சம் எங்கள் ஹாலின் பின்பக்கம்தான். கூட்டம் மாட்டேன் என்றால் தடுக்கச் சட்டமில்லை. சொந்த நிலம். கேட்கத்தான் முடியும்.

ஹால் வளைவில் திரும்பினேன். பின்பக்கம் ஒரு வெள்ளைப் பந்தல் தெரிந்தது.

சரியாக அந்தச் சொட்டை நிலத்தின் மேல்.

யோசித்தால் புரிகிறது. நிலத்தைப் பார்க்க வருகிற விருந்தாளியை ஹாலுக்குள் உட்கார வைப்பது மரியாதை இல்லை. வெளியே எங்கே உட்கார வைப்பது? வெட்டிய முன்பக்கம் கார் நிற்கும், பின்பக்கம் மற்ற இடமெல்லாம் முழங்கால் உயரப் புல். பாம்பு இருக்குமோ என்று பயம், தீ எறும்பு வேறு. வெட்ட வேண்டாம் என்று சொன்னதும் நாங்கள்தான். சமதளமாக, சுத்தமாக இருந்தது அந்த ஓர் இடம். அதை இன்னும் கொஞ்சம் பெருக்கி, பந்தல் நட்டு, நாற்காலி போட்டு, டாக்டர் படத்தோடு "வருக வருக" என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். படம் எங்கள் காப்பகத்து வெப்சைட்டிலிருந்து எடுத்தது. அதில் அவர் ஒரு பாம்பைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

வண்டியை நிறுத்தினேன்.

"டாக்டரம்மா..."

"அங்கிள், ஒரு நிமிஷம். லெட் மீ திங்க்."

இறங்கவில்லை. கதவுப் பிடியில் கை இருந்தது, திறக்கவில்லை. பந்தலையே பார்த்தார். அந்தோணி கையில் பொன்னாடையோடு எங்களைப் பார்த்து நடந்து வர ஆரம்பித்துவிட்டார். அப்போதும் இறங்கவில்லை.

நானாக இருந்தால் ஓடியிருப்பேன். "எல்லாரும் வெளியே வாங்க" என்று கத்தியிருப்பேன். அவர் அந்த ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டதைப் பிற்பாடு சொன்னார். உட்கார்ந்திருக்கிற ஆள் மிதிப்பது இரண்டு பாதம், நாலு நாற்காலிக் கால். எழுந்து ஓடுகிற ஆள் மிதிப்பது வழியெல்லாம்.

அப்புறம் இறங்கினார். விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் கால் வைக்காமல், புல்லுக்குள் இறங்கிச் சுற்றிப் போனார். அந்தோணி பொன்னாடையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டார்.

விருந்தாளி வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? எழுந்து நிற்பார்கள். மொத்தப் பந்தலும் எழ ஆரம்பித்தது. பாதி எழுந்திருக்கும்.

டாக்டர் தமிழ் கேட்டால் விளங்கிக்கொள்வார். பதில் பாதி இங்கிலீஷில்தான் வரும். அன்று வரை இங்கிலீஷ் கலக்காத தமிழ் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அவருக்குச் சரளமாக வரும் தமிழ் எல்லாம் சின்ன வயதில் அம்மா திட்டிய தமிழ். அன்று அதுதான் வந்தது.

"எந்திரிக்காதே! உக்காரு! ஆடாம உக்காரு!"

எல்லாரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

"காலை ஆட்டாதே!"

முன்வரிசையில் ஒரு கார்டியாலஜிஸ்ட். ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்து எல்லாரும் பயப்படுவார்கள் என்று என் அக்கா சொல்வாள். அவர் காலை ஒடுக்கிக்கொண்டார்.

பாஸ்கல் சார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எங்கம்மை போயி நாப்பது வருசம் ஆச்சு. இன்னைக்குத்தான் திரும்பக் கேக்கேன்."

சிரிப்பு வெடித்தது. ஆனால் ஒருவரும் அசையவில்லை. டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஸாரி, ஐ ஆம் ஸோ ஸாரி, அங்கிள், ஆன்ட்டி" என்றார். பின்பாக்கெட்டிலிருந்து கம்பிக் கொடிக் கட்டை எடுத்தார். செடிக்கு அடையாளமாக நீங்கள் தினமும் மண்ணில் குத்துகிறீர்களே, அதே ஆரஞ்சுக் கொடி. ஓர வரிசையில் முட்டி போட்டு, பாஸ்கல் சார் காலடியைப் பார்த்தார்.

"அங்கிள், உங்க ரைட் ஷூ பக்கத்துல. லுக். தட்ஸ் தி ஒன் ஐ கேம் ஃபார்."

பாஸ்கல் சார் குனிந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார்.

"இதா? இதுக்கா இவ்வளவு கேசரி கிண்டினாவ?"

"யெஸ், அங்கிள்."

"இத்துனூண்டு."

"யெஸ்."

கொடி குத்தினார். அடுத்த நாற்காலி. அடுத்தது. ஒவ்வொருவர் காலடியிலும் குனிந்து, காட்டி, கொடி குத்திக்கொண்டு நகர்ந்தார். மைக் வைத்துப் பேசியிருந்தால் அரைமணியில் பாதிப் பேர் போனை எடுத்திருப்பார்கள். இப்போது அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டாக்டர், எனக்கு ரெண்டு இருக்கு!"

"ஏய், அது எங்க சைடுலா."

"எனக்கு ஒண்ணுகூட இல்லையே, டாக்டர். நல்லாப் பாத்துட்டேன்."

"நீ போன வாரம் பாவசங்கீர்த்தனத்துக்கு வரல, அதான்."

"கொஞ்சம் தள்ளி உக்காரலாமா?"

"நகராதே!" என்று இந்த முறை பாஸ்கல் சார் கத்தினார்.

சில செடி நசுங்கியிருந்தது. அதற்கும் டாக்டர் கொடி குத்தினார். அதன் நாற்காலியில் இருந்தவரிடம் அதையும் மறைக்காமல் காட்டினார். அந்த ஆள் தன் செருப்பைப் பார்த்தார். குத்திய கொடி முப்பத்தெட்டு.

அப்போது நின்றுகொண்டிருந்தவர் ஜெசிந்தா மட்டும்தான். முன்னால் ஒரு மேசை, வெள்ளைத் துணி. அதன் பக்கத்தில் கேசரித் தட்டோடு நின்றார். மேசை நடுவில் பித்தளை உருளி. தண்ணீரில் கடையில் வாங்கிய ரோஜா இதழ். ரோஜாவுக்கு நடுவே வட்டமாக, மஞ்சள் பொத்தான் பூக்கள்.

ஜெசிந்தா பாஸ்கல் சார் காலடியைப் பார்த்தார். உருளியைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி" என்றார் மெதுவாக.

நான் பார்த்தேன்.

அவரே சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படி. "டாக்டர், நான் இதப் பறிச்சிட்டேன்."

"ஏட்டி, என்ன காரியம் பண்ணிவச்சிருக்க!" என்றார் அந்தோணி.

"தவக்காலம்லா. பீடத்துக்குப் பூ வைக்க முடியாது. வர்றவங்களுக்காவது வைப்போமேன்னு... எல்லாத்துலயும் நல்ல பூவாப் பாத்து..." ஜெசிந்தா அழுதுவிட்டார்.

டாக்டர் எழுந்து மேசைக்கு வந்தார். உருளியைக் குனிந்து பார்த்தார். பரவாயில்லை ஆன்ட்டி என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பரவாயில்லை இல்லைதானே. பொய் சொல்லவும் இல்லை, திட்டவும் இல்லை. கேள்வி கேட்டார்.

"எப்ப பறிச்சீங்க, ஆன்ட்டி?"

"இப்ப, காலைல."

"வேரோடயா?"

"இல்ல, இல்ல. நகத்தால கிள்ளி."

டாக்டர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "குட். ஒரே செடியில பக்கத்துல சின்ன மொட்டு இருக்கும். வேர் இருந்தா அது வரலாம். மே பி." மேசையில் இருந்த பேப்பர் நாப்கினை எடுத்து விரித்தார். "ஆன்ட்டி, ஹெல்ப் மீ. கலர் மங்கினது எல்லாம் இந்தப் பக்கம். மஞ்சளா இருக்கறது அந்தப் பக்கம். மங்கினதுல விதை முத்தியிருக்கலாம்."

"நானா?"

"நீங்கதான். யூ நோ விச் ஒன்ஸ் யூ பிக்ட்."

ஜெசிந்தா முந்தானையில் கண்ணைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் பூவை எடுக்கவே நேரமானது. அப்புறம் வேகம் வந்தது. டாக்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருப்பி, ஒத்தி, நாப்கினில் வைத்தார். இரண்டு பேரும் தலை முட்டக் குனிந்திருந்தார்கள்.

இதை மட்டும் பார்த்து வையுங்கள். வேலையில் ஒருவர் கைத்தவறு செய்துவிட்டால் நாம் முதலில் செய்வது அவரை அந்த இடத்தை விட்டுத் தள்ளி நிறுத்துவது. டாக்டர் அந்தப் பூவையே அந்தக் கையில் கொடுத்தார்.

பிறகு ஆட்களை வெளியேற்றினோம். கொடிக்கும் கொடிக்கும் நடுவே ஒரு வழி கண்டு, ஒருவர் பின் ஒருவராக. நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். குருத்தோலைப் பவனி மாதிரி இருக்கிறது என்று பாஸ்கல் சார் சொன்னார். கார்டியாலஜிஸ்டுக்கு நாற்காலியைத் தூக்கிப் பழக்கமில்லை. நாற்காலிக் கால் முன்னால் போனவரின் தலையில் இடித்தது.

எல்லாரும் முன்பக்கம் கூடி நின்றதும் அந்தோணி முன்னால் வந்தார். பொன்னாடை இன்னும் கையிலேயே இருந்தது.

"பார்க்கிங் கேன்சல். இதுக்கு மேல என்ன பேச்சு? இப்பமே கை தூக்குங்க."

அத்தனை கையும் எழுந்தது. இவ்வளவு சுலபத்தில் முடியும் என்று நினைத்து வரவில்லை.

"நோ" என்றார் டாக்டர். "இன்னிக்கு வேண்டாம், அங்கிள். ப்ளீஸ், எல்லாரும் கையை இறக்குங்க."

"ஏன் டாக்டர்? நாங்கதான் சம்மதிக்கோம்லா?"

"அடுத்த சண்டே கேளுங்க. கான்ட்ராக்டர்கிட்ட ஒரு வாரம் கேக்க முடியுமா?"

அந்தோணி முழித்தார். கேட்கிறேன் என்றார். டாக்டர் பொன்னாடையை வாங்கிப் போட்டுக்கொண்டார், சுண்டலும் கேசரியும் சாப்பிட்டார். ஒரு மாமா சுகர் ரிப்போர்ட்டைக் காட்டினார். நான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டு, அதையும் முழுக்கப் படித்து, கேசரியைக் குறைக்கச் சொன்னார்.

திரும்பும்போது எனக்குக் கோபம். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்று கேட்டுவிட்டேன்.

"கைக்கு வந்ததை எதுக்கு விட்டீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அங்கிள், அவங்க செடிக்கு எஸ் சொல்லல. ஆன்ட்டி அழுததுக்கு எஸ் சொன்னாங்க. ஈஸ்டர் அன்னிக்கு நாப்பது காருக்கு டிக்கெட் வந்தா அந்த எஸ் எங்க இருக்கும்?"

"நோ சொல்லிட்டா?"

"சொல்லலாம்." கொஞ்ச தூரம் போனபின் சொன்னார்: "ஐ ஆம் ஸ்கேர்ட் டூ."

கார் கழுவும் இடமாகிப் போன நிலத்துக்காரர் முதலில் எஸ் சொன்னவராம். அவர் பெண் பள்ளியில் இந்தச் செடியைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கியதால், பல பேர் முன்னால் வைத்துக் கேட்டபோது வெட்கப்பட்டுச் சொன்ன எஸ். கோடை வந்தது, விலை வந்தது, விற்றார். டாக்டருக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை. முகத்தில் முழிக்கக் கூச்சம்.

அந்த வாரம் மோசமான வாரம். கூட்டத்தின் வாட்ஸ்அப் குரூப் பற்றி எரிந்தது. திங்கட்கிழமை வரை பூப்படம் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒருவர் எழுதினார்: "எங்கள் அம்மாவுக்கு வீல்சேர். ரோட்டில் காரை நிறுத்தி, பள்ளத்தில் இறக்கி, எப்படிக் கொண்டுவருவது? பூவுக்கு இடம் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லையா?" அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல். சனிக்கிழமை கை தூக்கியவர்கள்தான்.

நான் அதை டாக்டருக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் படிக்க வராது.

"அவர் சொல்றது கரெக்ட்" என்றார்.

"அப்ப?"

"அப்ப அதுல இருந்து ஆரம்பிக்கணும்."

அன்று சாயங்காலமே அந்தோணி வீட்டுக்குப் போனோம். செடியைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்க்கிங் பிளானைக் காட்டச் சொன்னார். வீல்சேர் வண்டிக்கு இடம் எங்கே என்று கேட்டார். பிளானில் அது பின்மூலையில் இருந்தது, ஹால் வாசலுக்குத் தூரத்தில். அந்தோணி தலையைச் சொறிந்தார். கம்ப்யூட்டரைத் திறந்தார். ஜெசிந்தா காபி கொண்டுவந்து வைத்து, தானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கார் நிறுத்துற வரிசைய சரிச்சுப் போட்டா என்ன? நம்ம இந்தியன் ஸ்டோர்ல அப்படித்தான போட்டுருக்கான்" என்றார்.

"நீ சும்மா இரி. அது டிரைவ்வே அகலம் பத்தாது."

"பத்துமான்னு பாருங்களேன்."

அந்தோணி பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பூ இருந்த இடத்தைத் தொடாமலே அகலம் போதுமாயிருந்தது. வீல்சேர் இடம் வாசலுக்கு நேரே வந்தது. இருந்தும் சில கார்களுக்கு இடம் குறைந்தது. அதற்குப் பாஸ்கல் சாரை அனுப்பினோம். பக்கத்தில், வாடகை கொடுத்துச் சாமான் போட்டுவைக்கும் குடோன். ஞாயிற்றுக்கிழமை காலை அதன் முற்றம் காலியாகக் கிடக்கும். சார் அந்த மேனேஜரிடம் ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. சரி என்றுவிட்டான். தப்பித்தால் போதும் என்று சொல்லியிருப்பான் என்றார் அந்தோணி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஓட்டு. டாக்டர் பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேசக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்று தலையாட்டினார். அந்தோணி பழைய பிளானையும் புதிய பிளானையும் சுவரில் காட்டினார். எது குறையும், எது கூடும் என்று சொன்னார். கொஞ்ச தூரம் நடக்க வேண்டும் என்பதையும் சொன்னார். ஒருவர் கத்தினார். இன்னொருவர் திருப்பிக் கத்தினார். ஃபாதர் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

கை தூக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை மாதிரி சட்டென்று எழவில்லை. ஒருவர் ஒருவராக, யோசித்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் எழுந்தது. சிலர் தூக்கவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீல்சேர் அம்மாவின் மகன் பிளானை எழுந்துபோய்க் கிட்டத்தில் பார்த்தார். வாசலையும் அந்தக் கட்டத்தையும் விரலால் அளந்தார். திரும்பி வந்து உட்கார்ந்து கை தூக்கினார்.

பாதிக்கு மேல் வந்தது. தாராளமாக இல்லை. ஆனால் வந்தது.

டாக்டர் என் கையைப் பிடித்தார். ஜில்லென்றிருந்தது.

அந்த எஸ் நிலைத்து நின்றது. ஈஸ்டருக்கு டிக்கெட் வந்தது, திட்டினார்கள், நின்றது. கோடையில் கான்கிரீட் போட்டார்கள், பூவைச் சுற்றிக் கயிறு கட்டிய இடத்துக்கு ஓர் அடி தள்ளி நிறுத்தினார்கள். கான்ட்ராக்டர் ஆள் அந்தப் பக்கம் மணல் கொட்டப் போனபோது, அந்த நூறு டிகிரி வெயிலில் ஜெசிந்தா குடையோடு போய் நின்றார். கையைத் தூக்காதவர்களில் ஒருவர் அவருக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கிள்ளிய செடிகளில் பாதிக்குப் பக்க மொட்டு வந்தது. நாப்கினில் காய வைத்த பூவில் கொஞ்சம் விதை தேறியது. அதை ஜெசிந்தாவே தூவினார். அடுத்த மார்ச் குறைவாகத்தான் வந்தது. அதற்கடுத்த மார்ச் மழை இல்லை.

இடத்தை வெளியில் சொல்லக் கூடாது என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நல்ல வழக்கம்தான். டாக்டர் அன்றிலிருந்து அதில் ஒன்றை மாற்றிக்கொண்டார்: நிலம் யாருடையதோ அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய், முட்டி போடவைத்து, முதலில் அவர்களுக்குக் காட்டிவிடுவார். பயப்படுகிற ஆள் உழுதுபோட்டால் போடட்டும், அதுவும் நடந்திருக்கிறது. ஆனால் மறைத்து வைத்தால் அவர்கள் தங்கள் அன்பினாலேயே அதை மிதித்துவிடுவார்கள் என்கிறார். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதற்குச் சட்டம் எழுத முடியாது. வண்டிக்குள் உட்கார்ந்து ஒரு நிமிடம் யோசிக்கத்தான் வேண்டும். அந்த ஒரு நிமிடத்துக்கு வெட்கப்படாதீர்கள்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். முட்டி வலி. இருந்தாலும் அன்று முப்பத்தெட்டுக் கொடி குத்திய இடத்தில் இந்த மார்ச் செடியை எண்ணக் கூப்பிட்டார்கள், போனேன். பலகை போட்டு, அதன் மேல் ஊர்ந்துதான் எண்ண வேண்டும். ஒரு பக்கமிருந்து டாக்டர், மறுபக்கமிருந்து ஜெசிந்தா. பாஸ்கல் சார் வெளியே நாற்காலியில் இருந்துகொண்டு, "ஒண்ண விட்டுட்டீங்க, ஒண்ண விட்டுட்டீங்க" என்று வம்பு பண்ணினார். நடுவில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். கூட்டினார்கள். டாக்டர் நம்பவில்லை. இடம் மாறி மறுபடி எண்ணினார்கள். அதே எண்ணிக்கை வந்தது.

நானூற்று ஆறு.